இடக்காலால் எழுதிய எழுத்தாளர் கிறிஸ்டி பிரவுன்



வாழ்க்கை வரலாறு என்றதும் நாட்டை ஆண்டோர், போரில் வென்றோர், பெரும் புலவர் ஆகியோரையே நாம் நினைக்கின்றோம். இக்கட்டுரையில் நாம் கூறவிருப்பது ஒரு கொத்தனாரின் மகனுடைய வரலாறு. அவரால் நடக்க இயலவில்லை. கையால் ஒரு கவளம் உணவை எடுத்து உண்ண இயலவில்லை. பிறருக்கு விளங்குமாறு பேசவும் நெடுநாள் இயலவில்லை. உடல் முழுவதிலும் அவர் சொற்படி கேட்டது இடக்கால் ஒன்றே. அக்காலைக்கொண்டே அவர் எழுதினார், ஓவியம் தீட்டினார், உலகம் போற்றும் நூல்களை ஆக்கினார். அவர்தாம் அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் கிறிஸ்டி பிரவுன்.

அவருடைய வரலாற்றை அறிவதோடு, அவரை வருத்திய பெருமூளை வாதம் என்னும் குறையின் இயல்பையும் நாம் அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில் இக்குறையுடைய குழந்தைகள் எல்லா நாட்டிலும் உள்ளனர். நம் தோட்டப்புறங்களிலும் உள்ளனர்.

பிறப்பும் பெற்றோரும்

கிறிஸ்டி பிரவுன் 1932ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5ஆம் நாள் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ரோட்டண்டா மருத்துவமனையில் பிறந்தார். தந்தையார் பேட்ரிக் பிரவுன் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் கொத்தனார். தாயார் பிரிட்ஜெட். அவ்வம்மையார் பெற்ற மக்கள் இருபத்திருவர்; அவருள் வளர்ந்து ஆளானோர் பதின்மூவர். கிறிஸ்டி பத்தாவது பிள்ளை. அவரைப் பெற்றெடுத்தபொழுது தாயார் மிகுந்த துன்பமுற்றார் என்று அறிகிறோம்.

அக்குடும்பம் டப்ளின் நகரின் கிரம்லின் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பொன்றில் வாழ்ந்தது. சிறிய வீடு, பெரிய குடும்பம், அன்றாடக் கூலி. வேலை இல்லாத நாளில் அடுப்பெரிவது அரிது. இத்தகைய வாழ்க்கையை நம் தோட்டத்துப் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபொழுது, பால் ஊட்டும்போதெல்லாம் அதன் தலை பின்புறமாகச் சாய்ந்து விழுவதைத் தாயார் கண்டார். கழுத்து நிற்கவில்லை. கைவிரல்கள் எப்பொழுதும் இறுக மூடிக் கிடந்தன. ஆறு மாதமாகியும் தலையணை அண்டை கொடுத்தாலன்றிக் குழந்தையால் உட்கார முடியவில்லை. ஓராண்டு சற்றே கடந்தபின் பெற்றோர் மருத்துவமனை பலவற்றுக்கு அலைந்தனர். மருத்துவர் பலரும் ஒரே கருத்தைக் கூறினர்: இக்குழந்தைக்கு அறிவு வளராது, இதற்குச் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, தாய் தன் மனத்தைத் தேற்றிக்கொண்டு மற்றப் பிள்ளைகளைக் கவனிப்பதே நன்று.

பிரிட்ஜெட் அம்மையார் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் அத்தீர்ப்பை ஏற்க மறுத்துவிட்டார். உடல் முடங்கியிருக்கலாம், உள்ளே இருக்கும் அறிவு முடங்கவில்லை என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அன்று எவ்விதச் சான்றும் அவரிடம் இல்லை. குழந்தையை ஏதேனும் ஒரு விடுதியில் விட்டுவிடுமாறு உற்றார் கூறிய அறிவுரையையும் அவர் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளை வளர்ப்பது போன்றே இவனையும் வளர்ப்பது என உறுதி பூண்டார்.

குறையின் இயல்பு

வரலாற்றைத் தொடருமுன் இக்குறையைப் பற்றிச் சில கூறுவோம்.

நம் உடலின் ஒவ்வோர் அசைவும் மூளையின் கட்டளையால் நிகழ்வது. குழந்தை கருவில் இருக்கும்பொழுதோ, பிறக்கும்பொழுதோ, பிறந்த சிறு காலத்திலோ, அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி ஊறுபடுமாயின், அல்லது சரிவர வளராதாயின், தசைகளுக்குச் செல்லும் கட்டளைகள் குழம்பிவிடுகின்றன. தசைகள் விறைக்கும், அல்லது தாமாகவே நெளியும், அல்லது நிலை தடுமாறும். இதுவே பெருமூளை வாதம். சிலருக்கு ஒரு கை, ஒரு கால் மட்டும் பாதிக்கப்படும். சிலருக்கு இரு கால்கள் விறைக்கும். சிலருக்கு உடல் முழுவதும் பாதிப்புறும். கிறிஸ்டிக்கு ஏற்பட்டது உடல் தாமாகவே நெளிந்து முறுக்கிக்கொள்ளும் வகையாகும்.

இதனை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். சிறு வயதில் நோயுற்றுக் கால் கோணிப்போனவர் அவர். 1861ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் கழகம் ஒன்றில் அவர் தம் ஆய்வைப் படித்தார். கடினமான பிறப்பு, குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் இவ்விறைப்புக்கும் தொடர்புண்டு என்று அவர் காட்டினார். 1897ஆம் ஆண்டில் சிக்மண்ட் பிராய்டு என்னும் அறிஞர், பல குழந்தைகளுக்கு இக்குறை கருவிலேயே தொடங்கியிருத்தல் கூடும் என்று எழுதினார். பெரும்பாலோருக்குப் பிறப்பதற்கு முன்னரே காரணம் அமைந்துவிடுகிறது என்பதே இன்றைய மருத்துவர் முடிவு. ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இருவருக்கு இக்குறை உண்டாகின்றது.

ஆகவே பெற்றோர் மூன்றினை மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, இது தொற்றுநோய் அன்று; இக்குழந்தையோடு பிற குழந்தைகள் விளையாடுவதால் எவ்விதத் தீங்கும் வாராது. இரண்டாவது, இது முற்பிறவிப் பாவமும் அன்று, கிரகண தோஷமும் அன்று, எவரோ வைத்த செய்வினையும் அன்று. தாயின் மீது பழி சுமத்துவது கொடுமை. மூன்றாவது, மூளையில் ஏற்பட்ட ஊறு நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் பயிற்சியின்றி விட்டால் தசையும் மூட்டும் இறுகி, உடல் மேலும் கோணிவிடும்.

இன்னுமொன்று. அசைவு குன்றியதனால் அறிவும் குன்றியிருக்கும் என்று கொள்ளுதல் பெரும் பிழை. சிலருக்கு அறிவு வளர்ச்சியும் குறைவதுண்டு, பலருக்குக் குறைவதில்லை. இதற்குக் கிறிஸ்டியின் வரலாறே சான்று.

ஒரு சுண்ணக்கட்டி

கிறிஸ்டிக்கு ஐந்து வயதாயிற்று. பேச்சில்லை. தாயார் நாள்தோறும் படப்புத்தகத்தைக் காட்டிப் பூவின் பெயரையும் விலங்கின் பெயரையும் சொல்லிக்கொடுப்பார். குழந்தையிடமிருந்து மறுமொழி வாராது. சில வேளைகளில் அவர் கண்ணீர் விட்டதுண்டு. ஆயினும் மறுநாளும் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு டிசம்பர் மாதத்து மாலை. வெளியே கடுங்குளிர். அடுப்பருகே அமர்ந்து அவனுடைய அக்காள் மோனாவும் அண்ணன் பேடியும் பலகையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தனர். அக்காளின் கையில் மஞ்சள் நிறச் சுண்ணக்கட்டி. தரையில் கிடந்த கிறிஸ்டியின் இடக்கால் நீண்டது, கால்விரல்கள் அச்சுண்ணக்கட்டியைப் பற்றி இழுத்தன, பலகையில் கிறுக்கின. வீடே திகைத்து நின்றது.

தாயார் காலம் தாழ்த்தவில்லை. தரையில் முழந்தாளிட்டு, ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தாகிய 'ஏ' என்பதை எழுதிக்காட்டி, அதைப் பார்த்து எழுதுமாறு கூறினார். முதல் முயற்சி வீணாயிற்று. மறுமுறை முயன்றபொழுது பாதியில் சுண்ணக்கட்டி உடைந்தது. எறிந்துவிட்டு விலகும் எண்ணம் சிறுவனுக்கு வந்தது. தாயாரின் கை தோளின்மீது பட்டது. எஞ்சிய துண்டைப் பற்றிக்கொண்டு, உடலெல்லாம் வியர்க்க, அவன் மீண்டும் எழுதினான். கோடுகள் கோணலாய் இருந்தன. ஆயினும் அது 'ஏ' என்னும் எழுத்தே! தாயார் அழுதார். தந்தையார் குனிந்து மகனைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டார்.

நாம் இங்குச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அறிவு அன்று புதிதாகத் தோன்றியதன்று. ஐந்தாண்டுகளாக உள்ளேயே இருந்தது. வெளிவருவதற்கு வழியில்லாமல் இருந்தது. தாய் நாள்தோறும் அக்கதவைத் தட்டிக்கொண்டே இருந்தமையால், திறந்த நொடியில் அவர் அங்கே இருந்தார். அவர் என்றோ கைவிட்டிருந்தால், காலின் கிறுக்கலைக் குழந்தையின் குறும்பென்று கருதிச் சுண்ணக்கட்டியைப் பிடுங்கியிருப்பர்.

கல்வியும் ஓவியமும்

அதன்பின் தாயார் வீட்டு வேலைகளுக்கிடையே அவனுக்கு எழுத்துகள் அனைத்தையும் கற்பித்தார். அவன் தானாகவே எழுத்துக்கூட்டி எழுதிய முதற் சொல் 'அம்மா' என்பது.

உடன்பிறந்த சிறுவர்கள் அவனை ஒதுக்கவில்லை. பழைய தள்ளுவண்டி ஒன்றில் அமர்த்தித் தெருவெல்லாம் தள்ளிச் சென்றனர். அவ்வண்டிக்கு 'ஹென்றி' என்று பெயரும் இட்டிருந்தனர். விளையாட்டிலும் சண்டையிலும் கிறிஸ்டிக்குப் பங்கிருந்தது. மாணவச் செல்வங்களே, அச்சிறுவர்கள் மருத்துவம் அறியார். ஆயினும் மருத்துவர் எவரும் தரவியலாத ஒன்றைத் தம்பிக்குத் தந்தனர்.

ஒருநாள் அவ்வண்டி உடைந்துபோயிற்று. மற்றவர் ஓடி விளையாட, கிறிஸ்டி வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. தான் பிறரைப் போன்றவன் அல்லன் என்பதை அவன் முதன்முதலாக உணர்ந்து மனம் வெதும்பினான். அத்துயர நாளில் அவனைத் தாங்கியது வண்ணப்பெட்டி ஒன்று. சகோதரன் ஒருவனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கிடைத்த அதனைக் கிறிஸ்டி கேட்டுப் பெற்று, கால்விரலில் தூரிகையைப் பிடித்து ஓவியம் தீட்டலானான். காத்ரியோனா தெலஹண்ட் என்னும் மங்கை அவன் திறமையைக் கண்டு, வீடு தேடி வந்து ஊக்கமளித்தார். செய்தித்தாள் ஒன்று நடத்திய சிறுவர் ஓவியப் போட்டியில் அவன் பரிசும் பெற்றான்.

மகன் தனித்திருந்து எழுதவும் தீட்டவும் ஓர் அறை வேண்டுமெனத் தாயார் விரும்பினார். கொத்தனாராகிய தந்தையாரும் அத்தொழிலே கற்ற மக்களும் அது ஆகாத காரியம் என்றனர். தாயார் வாதிடவில்லை. செங்கல்லும் சிமெண்டும் வாங்கி, கொல்லைப்புறத்தில் தாமே சுவரெழுப்பத் தொடங்கிவிட்டார். அதைக் கண்ட ஆடவர், தொழிலறிந்த தம் கைகள் வாளா இருப்பதற்கு நாணி, வேலையைத் தாமே ஏற்று முடித்தனர்.

மருத்துவர் காலிஸ்

பதின்ம வயதின் இறுதியில் கிறிஸ்டியின் வாழ்வில் புதியதொரு திருப்பம் நேர்ந்தது. டப்ளின் நகரில் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ராபர்ட் காலிஸ் அவரைத் தேடி வந்தார். சகோதரன் ஒருவனின் முதுகில் அமர்ந்து சென்ற இச்சிறுவனை அவர் முன்பு திரையரங்கொன்றில் கண்டிருந்தார், மறக்கவில்லை. பெருமூளை வாதமுற்ற குழந்தைகளுக்கென 1948ஆம் ஆண்டில் அயர்லாந்தில் தொண்டமைப்பு ஒன்றினை நிறுவியவர் அவரே.

காலிஸ் கிறிஸ்டியை இலண்டனுக்கு அழைத்துச் சென்று, இத்துறையில் வல்லவரான தம் சகோதரரின் மனைவி ஐரீன் காலிஸ் அம்மையாரிடம் காட்டினார். முறையான பயிற்சியினால் உடல்நிலை சீர்படும் என்று அவ்வம்மையார் கூறினார். ஆனால் ஒரு நிபந்தனை. இடக்காலைப் பயன்படுத்தும்பொழுதெல்லாம் உடல் முழுவதும் முறுக்கேறுவதால், அக்காலை அடியோடு விட்டுவிட வேண்டும்.

என்ன கொடுமை! எழுத்தும் ஓவியமும் அவருக்கு வாய்த்தது அக்கால் ஒன்றினாலன்றோ? ஆயினும் கிறிஸ்டி உடன்பட்டார். நாள்தோறும் பயிற்சிக்குச் சென்றார். உடலின் முறுக்குத் தளர்ந்தது. பேச்சும் மெல்ல மெல்லத் தெளிவுற்றது. பயிற்சியகத்தில் தம்மைப் போன்ற பல சிறுவர்களைக் கண்டு, தாம் தனியர் அல்லர் என்னும் ஆறுதலும் பெற்றார்.

நூலாசிரியர் ஆதல்

எழுதுவதற்குக் கால் இல்லாதபொழுது, தம்பியரை அமர்த்தித் தாம் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுமாறு செய்தார். தம் வாழ்க்கை வரலாறே பொருள். முதற்படியைக் காலிஸிடம் காட்டினார். எழுத்தாற்றல் மிக்க அம்மருத்துவர் ஒளிவுமறைவின்றித் தம் கருத்தைக் கூறினார். பழைய நூல்களையே படித்திருந்த இளைஞர் நீண்ட, கடினமான சொற்களைக் குவித்திருந்தார்; அவை வேண்டா என்றும், இக்கால எழுத்தாளர் நூல்களையும் படித்து, உணர்ந்ததை எளிமையாக எழுதவேண்டுமென்றும் காலிஸ் அறிவுறுத்தினார். கட்டுரை எழுதும் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்க. இரண்டாம் படியும் நிறைவளிக்கவில்லை. மூன்றாம் முறை எழுதும்பொழுது, உள்ளத்தில் உள்ளது பிறர் கையால் வெளிவராமல் தவித்த கிறிஸ்டி, காலணியைக் கழற்றிவிட்டு மீண்டும் இடக்காலாலேயே எழுதினார்.

இருக்கும் ஆற்றலைத் தடுக்காமல், அதனைக்கொண்டே குழந்தை தன் எண்ணத்தை வெளியிட வழிசெய்து, கூடவே மற்ற உறுப்புகளுக்கும் பயிற்சியளிப்பதே இன்று விரும்பப்படும் முறையாகும்.

'மை லெஃப்ட் ஃபுட்', அதாவது 'எனது இடக்கால்' என்னும் அந்நூல் 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பொழுது ஆசிரியருக்கு வயது இருபத்திரண்டே. அதற்கு முன்னர், அமெரிக்கப் பாடகர் பர்ல் ஐவ்ஸ் டப்ளினில் நடத்திய நிதி நிகழ்ச்சி ஒன்றில் காலிஸ் அந்நூலின் முதல் அதிகாரத்தைப் படித்துக்காட்டினார். அரங்கம் அமைதியாகக் கேட்டது. பின்னர்ப் பெருமகிழ்ச்சியுடன் ஆர்ப்பரித்தது. தாயாருக்குச் சிவப்பு ரோசாமலர்க் கொத்து அளிக்கப்பெற்றது. அக்கொத்து அவருக்கே உரியதென்பதில் ஐயமில்லை.

தாயார் 1968ஆம் ஆண்டில் காலமானார். பல்லாண்டு உழைப்பின் பயனாகக் கிறிஸ்டி எழுதிய 'டவுன் ஆல் தி டேஸ்' என்னும் புதினம் 1970ஆம் ஆண்டில் வெளிவந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பெற்றது. கவிதை நூல்களும் இயற்றினார். 1972ஆம் ஆண்டில் மேரி கார் என்பவரை மணந்தார். 1981ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், உணவு தொண்டையில் அடைத்து அவர் மறைந்தார். வயது நாற்பத்தொன்பது. அவர் உடல் டப்ளினில் உள்ள கிளாஸ்னெவின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. 1989ஆம் ஆண்டில் அவர் வரலாறு திரைப்படமாயிற்று. அவராக நடித்த டேனியல் டே லூயிஸ், தாயாராக நடித்த பிரெண்டா பிரிக்கர் ஆகிய இருவரும் ஆஸ்கார் விருது பெற்றனர்.

நாம் கொள்ளவேண்டியவை

பெற்றோர்களே! பிரிட்ஜெட் அம்மையார் நான்காம் மாதத்திலேயே குறையைக் கண்டார். ஆனால் முறையான பயிற்சி கிறிஸ்டிக்குக் கிட்டியது பதின்ம வயதின் இறுதியில்தான். இன்று அவ்வாறு காத்திருக்க வேண்டுவதில்லை. நான்கு மாதமாகியும் கழுத்து நிற்காமை, ஒன்பது மாதமாகியும் உட்காராமை, கால்கள் விறைத்துக் கத்திரிபோல் பின்னிக்கொள்ளுதல், ஓராண்டு நிறையுமுன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துதல், பால் விழுங்கத் தடுமாறுதல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் உடனே கிளினிக்குக்குக் கொண்டுசெல்லுங்கள். பிறந்த குழந்தைக்குக் காணும் மஞ்சள் காமாலையை எளிதாக எண்ணிவிடாதீர்கள். அது மிகுந்துவிட்டால் மூளையைத் தாக்கிக் கிறிஸ்டிக்கு நேர்ந்தது போன்ற குறையை உண்டாக்கவல்லது. தாதியர் இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றால் மறுக்காதீர்கள்.

இக்குறையை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் வாழ்வைச் சீர்படுத்தும் வழிகள் பலவுண்டு. உடற்பயிற்சி மருத்துவர் தசையும் மூட்டும் இறுகாமல் காப்பார். உண்ணல், உடுத்தல் முதலியவற்றைத் தானே செய்யப் பழக்குவோர் உளர். பேச்சுப் பயிற்சியாளர் பேசவும் பாதுகாப்பாக விழுங்கவும் கற்பிப்பார். பேச இயலாத குழந்தை படப்பலகையைச் சுட்டிக்காட்டித் தன் எண்ணத்தைத் தெரிவிக்கலாம். விறைப்பைத் தளர்த்தும் மருந்தும், தேவையாயின் அறுவை சிகிச்சையும் உண்டு. உணவூட்டும்பொழுது குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுசிறு கவளமாக, அவசரமின்றி ஊட்டவேண்டும், படுக்கவைத்து ஊட்டலாகாது. கிறிஸ்டியின் முடிவு இதன் இன்றியமையாமையை உணர்த்துகின்றது.

நம் நாட்டில் சமூகநல இலாகாவில் பதிவுசெய்து மாற்றுத் திறனாளி அட்டை பெறலாம். சமூக மறுவாழ்வு நிலையங்கள் 1984ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றன. மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. விண்ணப்பத் தாளை நிரப்பத் தயங்கும் பெற்றோர் பள்ளிக்கு வரலாம். ஆசிரியர்களாகிய நாம் உதவக் காத்திருக்கிறோம்.

அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையை வீட்டின் உள்ளறையில் மறைத்து வைத்தல் கூடாது. உள்ளறையில் சுண்ணக்கட்டி இல்லை, பலகை இல்லை, கணக்கெழுதும் அக்காளும் இல்லை. கிறிஸ்டியின் கால் நீண்டது, எட்டும் தூரத்தில் ஒரு சுண்ணக்கட்டி இருந்தமையால் அன்றோ?

மாணவச் செல்வங்களே! நடை கோணியவரையும் நாக் குழறுபவரையும் கண்டு நகைத்தல் கல்வி கற்றவர்க்கு அழகன்று. அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். விளையாட்டில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள். உடற்குறை இழுக்கன்று, முயலாமையே இழுக்கு என்பது வள்ளுவப் பெருந்தகையின் கருத்து. அம்முயற்சி குறையுடையவர்க்கு மட்டும் உரியதன்று; அவரைச் சூழ்ந்து வாழும் நம் அனைவர்க்கும் உரியது. கிறிஸ்டி தம் இடக்காலை நீட்டினார், தாய் கற்பித்தார், உடன்பிறந்தோர் வண்டி தள்ளினர், தந்தை சுவரெழுப்பினார், மருத்துவர் தேடி வந்தார். இத்தனை பேர் முயற்சியும் சேர்ந்தே ஓர் எழுத்தாளரை உலகுக்குத் தந்தது.

நம் தோட்டத்திலும் ஒரு குழந்தை அவ்வாறு காத்திருக்கலாம். அதனிடம் சுண்ணக்கட்டியை நீட்டுவது நம் கடமை.